புரட்டாதியில் வன்னிக் குளக்கரைகளுக்குப் போகிறவர்களுக்கு: நாள் குறிப்பதிலிருந்து வீடு திரும்பிய பின் வரை

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இலை பழுக்கத் தொடங்கும் செப்ரெம்பர் நடுப்பகுதியில் இங்கே, இலங்கையின் வடக்கே வன்னியில், புரட்டாதி பிறக்கும். சிறுபோக (கோடைப் போக) நெல் அறுவடை முடிந்து, வயலுக்குத் தண்ணீர் விடும் வேலையும் ஓய்ந்து, வன்னிக் குளங்கள் ஆண்டிலேயே மிகக் குறைந்த மட்டத்தில் கிடக்கும் காலம் அது. தண்ணீர் பின்வாங்கிய அலைகரை (கட்டு இல்லாத பக்கத்துக் கரை) முழுவதும் மணலும் புல்லும் வெளியே தெரியும். பாய் விரித்து இருக்கவும் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நிற்கவும் இதைவிட நல்ல நாட்கள் கிடையாது. ஆனால் அதே தண்ணீர்க் குறைவுதான் சேற்றையும் கிடங்கையும் வெளியே விடுகிறது, முதலையையும் யானையையும் கரைக்குக் கிட்டக் கொண்டுவருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ முதல் தடவை வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒழுங்கு முறையாகப் பார்ப்போம்.

1. நாள் குறித்தல்

செப்ரெம்பர் 15 முதல் ஒக்ரோபர் 15 வரை உள்ள ஒரு மாதத்துக்குள் நாள் குறியுங்கள். அதற்கு முன் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். மதியத்துக்குப் பிறகு குளத்தில் அலை எழும், காய்ந்த அலைகரையில் புழுதி பறக்கும், விரித்த பாய் நிற்காது. ஒக்ரோபர் நடுப்பகுதி தாண்டினால் ஐப்பசி மழை. பின்னேரத்தில் இடியும் மின்னலுமாகத் தொடங்கி, கார்த்திகையில் அடைமழையாகும். அப்போது நேற்றுப் பாய் விரித்த இடம் இன்று தண்ணீருக்குள் இருக்கும்.

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து வருகிறவர்களே அதிகம் என்பதால் புரட்டாதியில் தங்குமிடமும் வாகனமும் லேசாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விமானச் சீட்டின் விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

கிழமை நாளில் போவது நல்லது. ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் சனம் கூடும் நாட்கள். புரட்டாதிச் சனியில் கோயிலை ஒட்டிய குளக்கரைகளில் விரதகாரர் கூட்டம் இருக்கும். அன்று மீன், இறைச்சிச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் அந்தக் கரையில் இருக்காதீர்கள்.

இந்த மாதத்தில் சூரியன் காலை ஆறு மணி அளவில் உதித்து மாலை ஆறு மணி அளவில் மறையும். காலை ஏழிலிருந்து பத்தரை வரைதான் கரைக்கு உரிய நேரம். அது தவறினால் பின்னேரம் மூன்றரைக்குப் போய் ஐந்தேகாலுக்குள் வாகனத்தில் ஏறிவிட வேண்டும். பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழலே இல்லாத அலைகரையில் பிள்ளைகளையோ முதியவர்களையோ வைத்திருக்காதீர்கள். ‘சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுப் போவோம்’ என்று நிற்பதுதான் ஆபத்தான பழக்கம். ஏன் என்பது 7ஆம் பகுதியில்.

2. எந்தக் கரைக்குப் போவது

முதல் தடவை போகிறவர்களுக்கு இரணைமடுவே சரி. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். கிளிநொச்சி நகரத்துக்குத் தெற்கே, ஏ9 வீதியில் இரணைமடுச் சந்தியில் திரும்பினால் கொஞ்சத் தூரம்தான். பேருந்து, ரயில், வைத்தியசாலை, வங்கி எல்லாம் பக்கத்தில். புதியவர்கள் செய்யும் பிழை, நேரே குளக்கட்டில் ஏறி அங்கேயே தண்ணீரில் இறங்கப் பார்ப்பது. கட்டின் உட்பக்கம் முழுவதும் கல் அடுக்கியது. பாசி படர்ந்த கல் வழுக்கும். அதோடு குளத்தின் ஆழமான பகுதியும் கட்டை ஒட்டித்தான் இருக்கிறது. கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வந்து விழுகிறது, கட்டு வடக்கே நிற்கிறது. ஆகவே கட்டிலிருந்து காட்சியைப் பாருங்கள், படம் எடுங்கள். இருப்பதற்குப் பக்கவாட்டில் உள்ள அலைகரைக்குப் போங்கள். அதற்கு எந்தப் பாதை இப்போது திறந்திருக்கிறது என்று கட்டடியில் உள்ள கடையிலோ மீன்பிடிகாரரிடமோ கேட்க வேண்டும்.

இரணைமடு நிரம்பினால் 36 அடி. துருசடியில், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகடியில், அடிக்கணக்குக் குறித்த அளவுக்கம்பம் இருக்கும். வன்னியில் யாரிடம் விசாரித்தாலும் ‘குளத்தில எத்தனை அடி நிக்குது’ என்றுதான் பேச்சு வரும். நீங்களும் அப்படியே கேளுங்கள். மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு அலைகரை அகன்றிருக்கும், வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து தண்ணீருக்கு நடையும் கூடும். முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முதலிலேயே அறிந்து வைக்க வேண்டும்.

வவுனிக்குளம் இன்னும் அமைதியானது. மாங்குளத்தில் ஏ9ஐ விட்டு மேற்கே துணுக்காய், மல்லாவிப் பக்கம் போக வேண்டும். பாலியாற்றின் தண்ணீர் வந்து சேரும் குளம். குளிர்ந்த மரநிழலும் கோயிலும் உண்டு. சாப்பாடு, எரிபொருள், காசு மூன்றையும் மாங்குளத்திலோ மல்லாவியிலோ முடித்துக்கொண்டு போங்கள். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட உள்ள முத்தையன்கட்டு காடு சூழ்ந்த குளம். அழகு கூட, யானை நடமாட்டமும் கூட. ஊர்க்காரர் ஒருவர் கூட வராவிட்டால் அந்தக் குளத்துக்கு முதல் பயணம் வேண்டாம்.

மன்னார்ப் பக்கத்தில் கட்டுக்கரைக்குளம், மதவாச்சி–மன்னார் வீதியில் முருங்கனுக்குக் கிட்ட. பரந்து கிடந்தாலும் ஆழம் குறைந்த குளம், பறவைகளின் சரணாலயம். குளிக்கப் போகிற இடம் அல்ல. தாமரையும் கொக்கும் நாரையும் பார்க்கக் காலையில் போங்கள், இருவிழித் தொலைநோக்கி கொண்டு போனால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

களப்புகளை, அதாவது ஊரில் சிறுகடல் என்று சொல்லும் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் ஆகியவற்றை, குளத்தைப் போல நினைக்காதீர்கள். கோடையில் கடல்வாய் மணலால் மூடிக் கிடக்கும். தண்ணீர் உப்பு, அடி சேறு. சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. ஒக்ரோபரிலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். மணல் பாதை என்பதால் சாதாரணக் கார் புதையும். நந்திக்கடல் கரை உல்லாசமாக இருந்து பாட்டுப் போடும் இடமல்ல. போரில் அந்தக் கரையில் உறவுகளை இழந்தவர்கள் சுற்றிவர வாழ்கிறார்கள். நந்திக்கடலோரம் உள்ள வட்டுவாகலில் இறங்கினால் அமைதியாக நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கே போவதானாலும் பழைய வரைபடத்தை நம்பி வீதியைத் தீர்மானிக்க வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் வடக்கிலும் பல வீதிகளையும் பாலங்களையும் உடைத்தது. குறிப்பாக முல்லைத்தீவுக் கரையோரம் போகிறவர்கள் பாலம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

3. ஆவணங்கள்

குடும்பமாகக் குளக்கரைக்குப் போக எழுத்து அனுமதி எதுவும் தேவையில்லை. வடக்குக்குப் போக ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரிடம் கேட்ட பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இப்போது இல்லை. பெரியவர்கள் எல்லோரும் தேசிய அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ கொண்டு போங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டானால் முகப்புப் பக்கத்தையும் விசா அனுமதியையும் பிரதி எடுத்து, பிரதியைப் பையிலும் மூலத்தை வாகனத்தில் நீர்புகாத உறையிலும் வையுங்கள். தண்ணீரில் நனைந்த கடவுச்சீட்டோடு கட்டுநாயக்காவில் நிற்கிற வில்லங்கம் பெரியது.

நீங்களே வாகனம் ஓட்ட நினைத்தால் வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. அதற்கு இலங்கையில் அங்கீகாரமோ தற்காலிக அனுமதிப்பத்திரமோ எடுக்க வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதி கை கொடுக்காது. ஒரு நாள் பயணத்துக்கு இந்த அலைச்சல் வேண்டியதில்லை, சாரதியோடு வாகனம் பிடியுங்கள். ஏறுமுன் வாகனத்தின் வரிப்பத்திரமும் காப்புறுதியும் அந்தத் திகதிக்குச் செல்லுமா என்று ஒருமுறை பாருங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாடசாலை, கழகம், பழைய மாணவர் சங்கம் என்று பெரிய கூட்டமாகப் போவதானால் கதை வேறு. இரண்டு கிழமைக்கு முன்பே அந்தப் பகுதி நீர்ப்பாசனப் பொறியியலாளர் பணிமனைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொடுங்கள். கடிதத்தில் நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பொறுப்பானவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் இருக்க வேண்டும். ஊர் விதானையாருக்கும் (கிராம அலுவலர்) ஒரு பிரதி. ஒலிபெருக்கி போடுவதானால் பொலிஸ் அனுமதி தனியாக எடுக்க வேண்டும், குளக்கரையில் அதைத் தவிர்ப்பதே மரியாதை. பறக்கும் கமராவுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். வனஜீவராசிகள் பகுதியில் திணைக்களமும் சம்மதிக்க வேண்டும். படைமுகாம்கள் அருகில் உள்ள கரைகளும் இருப்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

4. வாகனமும் செலவும்

செலவில் பெரும் பங்கு வாகனம். எரிபொருள் விலை மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாவில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசாமல், தூரத்தில் கணக்குப் போடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுவுக்குப் போய், அலைகரைப் பாதைகளிலும் ஓடித் திரும்ப 150 கிலோமீற்றர் அளவில் வரும். வவுனிக்குளத்துக்கு 240 கிலோமீற்றர் அளவில். குளிரூட்டி போட்ட வான் ஒன்று லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால், இரணைமடுவுக்கு 17 லீற்றர், வவுனிக்குளத்துக்கு 27 லீற்றர். அன்றைய டீசல் விலையால் பெருக்கினால் அடக்கச் செலவு கிடைக்கும். வாடகைக்காரர் சொல்லும் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சண்டை வருவது எப்போதும் ஒப்பந்தத்தில் சொல்லாமல் விட்ட விஷயத்தில்தான். நாள் வாடகைக்குள் எத்தனை கிலோமீற்றர் அடங்கும், மேலதிக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எவ்வளவு, காத்திருப்புக் காசு உண்டா, சாரதியின் சாப்பாடு யார் பொறுப்பு, மண் பாதையில் இறங்குவாரா. இந்த ஐந்தையும் முதல் நாளே வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். ஐந்தாவது முக்கியம். புதுக் காரோடு வருகிற சாரதி குளத்து மண் பாதையைக் கண்டதும் வீதியிலேயே நிறுத்திவிடுவார், நீங்கள் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டிவரும்.

பேருந்தில் போனால் செலவு மிகக் குறைவு. யாழ்ப்பாணம், வவுனியா இரண்டு பக்கமிருந்தும் கிளிநொச்சிக்கு அடிக்கடி பேருந்து உண்டு, வடக்கு ரயில் பாதையில் கிளிநொச்சி, மாங்குளம், முறிகண்டி நிலையங்களும் உண்டு. அங்கிருந்து ஓட்டோ. போக மட்டும் பேசாமல், திரும்பி ஏற்ற வரும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். முழுக் காசையும் போகும்போதே கொடுத்துவிட்டால் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உள்ளூர்ப் பேருந்துகள் பின்னேரத்தோடு குறைந்துவிடும், ஆகவே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நிலையத்து நேரக்காப்பாளரிடம் இறங்கியவுடனே கேட்டு வையுங்கள்.

குளக்கரைக் கடைகளில் அட்டை செல்லாது, ஆயிரம் ரூபாத் தாளுக்கு மிச்சமும் கிடைக்காது. நூறும் ஐம்பதுமாக மாற்றிக்கொண்டு போங்கள். ஏ9ஆல் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவது வழமை. சில்லறை மாற்றவும் அதுவே நல்ல இடம்.

5. கொண்டு போக வேண்டியவை

ஆளுக்கு மூன்று லீற்றர் குடிதண்ணீர், குளத்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) நாலு. ஆறடிக் கம்பு ஒன்று, முனை மழுங்கியது. இருபது மீற்றர் கயிறு. பின்பக்கம் பட்டி உள்ள செருப்பு அல்லது பழைய சப்பாத்து, ஏனென்றால் அலைகரையில் நெருஞ்சியும் விடத்தல் முள்ளும், உடைந்த மட்டி ஓடும், மணலில் புதைந்த தங்கூசி (நைலோன் இழை) வலைத் துண்டும் கிடக்கும். தங்கூசி காலில் சுற்றினால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க அறுக்கும். சிறு கத்தரிக்கோல் இருந்தால் ஒரு நிமிட வேலை. சாப்பாட்டை மூடியுள்ள பெட்டியில் கட்டுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டினால் குரங்கு முதலில் எடுக்கும். நீச்சல் தெரியாத ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி, காற்றடைத்த வளையம் அதற்கு ஈடாகாது.

6. கரையில் இறங்குமுன்: சேற்றை வாசித்தல்

வாகனத்தை விட்டிறங்கியதும் ஓடிப்போய்த் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். முதலில் ஒரு மனிதரைத் தேடுங்கள். குளத்தில் அன்றாடம் தோணி போடும் மீன்பிடிகாரர், துருசைப் பார்க்கும் நீர்ப்பாசன ஊழியர், மாடு சாய்க்கிறவர், இந்த மூவரில் ஒருவர் காலையில் எப்படியும் நிற்பார். ‘அண்ணை, இப்ப எந்தப் பக்கம் இறங்கலாம், எங்க இறங்கக் கூடாது, முதலை எங்க படுக்குது’ என்று கேளுங்கள். போன வருடம் இறங்கிய இடம் என்பது பயன்படாது. தண்ணீர் ஒவ்வொரு வருடமும் வேறு இடத்தில் நிற்கும். அவர் கையால் காட்டாத கரையில் இறங்க வேண்டாம்.

பிறகு தரையைப் பாருங்கள். அலைகரையில் மூன்று வகைத் தரை உண்டு. வெளிறிய மணலில் கால் வைத்தால் அடிச்சுவடு ஆழமில்லாமல் சுற்றிவர உலரும், அது நிற்க நல்லது. புல் வளர்ந்த தரையும் பெரும்பாலும் உறுதி. மோசமானது பாளம் பாளமாக வெடித்த சேறு. மேலே ஓடு போலக் காய்ந்து வெடித்திருக்கும், பார்க்கக் கல் போலத் தோன்றும், ஆனால் தண்ணீருக்குக் கிட்டப் போகப் போக அந்த ஓட்டுக்குக் கீழே சுரி களியாகவே இருக்கும். வெடிப்புக்குள் கம்பை விட்டு அமத்துங்கள். ஒரு சாணுக்கு மேல் தடையில்லாமல் இறங்கினால் திரும்புங்கள். வெடிப்பின் உள்ளோரம் கருத்து ஈரமாக மின்னினாலும் அப்படியே.

கால் புதைந்துவிட்டால் பதறி மற்றக் காலை ஊன்றி இழுக்கக் கூடாது, இரண்டு காலும் போகும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள், பாரம் பரவட்டும். புதைந்த காலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டித் தண்ணீர் உள்ளே இறங்க விட்டு, சப்பாத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுங்கள். உதவிக்கு வருகிறவர் கிட்ட வராமல் உறுதியான தரையில் நின்று கயிறோ கம்போ நீட்ட வேண்டும்.

தண்ணீரோரச் சேற்றில் முதலை ஏறி இறங்கிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயிறு இழுபட்ட வழுவழுப்பான அகலக் கோடு, நடுவில் வால் கீறிய வளைவு, இரு பக்கமும் விரல் பதிந்த அடி. ஓரம் இன்னும் கூர்மையாக, உலராமல் இருந்தால் அது இன்று காலைத் தடம். கோடையில் தண்ணீர் ஒடுங்கும்போது குளத்து முதலைகள் மிச்சமுள்ள ஆழத்தில் கூடும், கரையில் குகை தோண்டியும் படுக்கும். தடம் கண்ட இடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தண்ணீரைத் தொட வேண்டாம். காலை விடியுமுன்னும் பின்னேரம் இருளும்போதும் எந்தக் கரையிலும் தண்ணீரோரம் குந்தியிருந்து கால் கழுவுவதும் வேண்டாம். நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

7. தண்ணீரும் மற்ற ஆபத்துகளும்

இறங்குவதானால் பெரியவர் ஒருவர் கம்பை முன்னே ஊன்றி நடந்து பார்த்து, இடுப்பளவு வரும் இடத்தில் எல்லை குறிக்க வேண்டும். பிள்ளைகள் முழங்காலோடு நிற்கட்டும். குளத்தில் ஆழம் கடற்கரையைப் போலப் படிப்படியாக இறங்குவதில்லை. குளம் கட்டுமுன் ஓடிய ஆற்றின் பள்ளம் அடியில் அப்படியே கிடக்கும், மண் எடுத்த கிடங்குகளும் கிடக்கும். மணல் அகழ்ந்த கிடங்கு செங்குத்தாக இறங்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடும். தெளிந்த தண்ணீருக்குள் கருத்த திட்டாகத் தெரிவது பெரும்பாலும் இந்தக் கிடங்கு. துருசுக்கும் மிகைநீர் வெளியேற்றும் வான் கதவுக்கும் கிட்ட யாரும் இறங்கக் கூடாது, நீச்சல் வீரராக இருந்தாலும். குளங்களில் உயிர்காப்பாளர் எவரும் இல்லை.

சோழகம் மிச்சமாக அடிக்கும் நாளில் காற்றடைத்த வளையம், மெத்தை எல்லாவற்றையும் வாகனத்தில் விடுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் காற்று மிதப்பதைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். இரணைமடுவில் அது தள்ளுகிற திசை ஆழமான கட்டுப்பக்கம். போன பந்தை விட்டுவிடுங்கள், அதன் பின்னால் நீந்துவதில்தான் உயிர் போகிறது.

தண்ணீர் மேல் பச்சை வர்ணம் ஊற்றியது போலப் படலம் மிதந்தால் அன்று குளிக்க வேண்டாம், பாசி நஞ்சு தோலுக்கும் வயிற்றுக்கும் ஆகாது. காலில் வெட்டுக்காயம், புண் உள்ளவர்கள் எந்த நாளும் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் (லெப்ரோஸ்பைரோசிஸ்) கிருமி புண் வழியாக லேசாக உள்ளே போகும். மீன்பிடித் தோணிகள் ஆள் ஏற்றுவதற்கானவை அல்ல. ‘ஒரு சுற்றுக் கூட்டிப் போங்கோ அண்ணை’ என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

யானை: கோடை முடிவில் காட்டுக்குள் தண்ணீரும் புல்லும் தீர்ந்து, யானைகள் பின்னேரத்தில் அலைகரைப் புல்லுக்கு இறங்கும். ஐந்தேகாலுக்குள் கிளம்பச் சொன்னது அதற்காகத்தான். வழியில் கிடக்கும் இலத்தியைப் பாருங்கள். வெளியே காய்ந்து வைக்கோல் நிறமானால் பழையது. பச்சை கலந்த மண்ணிறமாக, ஈரம் மின்னி, ஈ மொய்த்தால் யானை பக்கத்தில் நிற்கிறது. சத்தம் போடாமல் வந்த வழியே வாகனத்துக்குத் திரும்புங்கள். யானையைக் கண்டால் படம் எடுக்கக் கிட்டப் போவது, வாகனத்தின் ஹோர்னை அடிப்பது, பழம் எறிவது மூன்றும் கூடாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. மின்சார வேலியைத் தொடவும் கடக்கவும் வேண்டாம்.

இடி: ஒக்ரோபரில் மதியத்துக்குப் பிறகு முகில் கறுத்துக் குவிந்தால் சாமான்களைக் கட்டுங்கள். இடி கேட்ட உடனே தண்ணீரையும் குளக்கட்டையும் வெட்ட வெளியையும் விட்டு, கூரை மூடிய வாகனத்துக்குள் ஏறுங்கள். தனித்து நிற்கும் பாலை மரத்துக்கோ பனைக்கோ கீழே ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழியும் வரை இறங்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் கனகராயன்குளம், நெடுங்கேணிப் பக்கம் பெய்த மழை ஆற்றால் வரும், ஆகவே காய்ந்த ஆற்று மணலுக்குள் வாகனத்தை நிறுத்தாதீர்கள்.

மிதிவெடி: வடக்கில் வெடிபொருள் அகற்றும் பணி இன்னும் முழுதாக முடியவில்லை. அன்றாடம் ஆளும் மாடும் போகும் தேய்ந்த பாதையை விட்டு விறகுக்கோ மலம் கழிக்கவோ படம் எடுக்கவோ பற்றைக்குள் இறங்க வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு முனையுள்ள தடி, நாடா எதைக் கண்டாலும் அதுவே எல்லை. தண்ணீர் வற்றிய அடியில் துருப்பிடித்த இரும்பு எதுவும் கிடந்தால் தொடாமல், எறியாமல், அந்த இடத்தை நினைவில் வைத்து 119க்குச் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு வாகனத்தில் வரும்போதே சொல்லிக்கொடுங்கள், இறங்கிய பிறகு காதில் ஏறாது.

அம்புலன்ஸ் 1990, கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம். குளத்தின் பெயர் மட்டும் சொன்னால் அவர்களுக்குப் போதாது, எந்தச் சந்தியால் திரும்பி எந்தக் கோயிலையோ பாடசாலையையோ தாண்டி வரவேண்டும் என்பதை வரும்போதே குறித்து வையுங்கள். சில அலைகரைகளில் தொலைபேசித் தொடர்பு அறுந்து அறுந்து வரும், கட்டில் ஏறினால் பெரும்பாலும் கிடைக்கும். பாம்பு கடித்தால் கட்டு இறுக்காமல், வெட்டாமல், கடிபட்ட காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் கிட்ட உள்ளதற்குக் கொண்டு போங்கள்.

8. திரும்பும்போதும் அதன் பிறகும்

மீன் வாங்க விரும்பினால் காலையிலேயே வாங்குங்கள், வலை தூக்கி வரும் நேரம் அது. திலாப்பியாவும் விராலும் கரையிலேயே நிறுப்பார்கள். ஐஸ் பெட்டி கொண்டு போகாவிட்டால் இரண்டு மணிப் பயணத்துக்கு மீன் தாங்காது. கொண்டு போன பிளாஸ்ரிக், சோற்றுப் பார்சல் தாள், பிள்ளையின் அணையாடை எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டு வாருங்கள். மழை வந்ததும் அலைகரையில் விட்டது எல்லாம் குளத்துக்குள் போகும், கீழே வயலும் கிணறும் அந்தத் தண்ணீரில்தான் வாழ்கின்றன. நெருப்பு மூட்டாதீர்கள். புரட்டாதியில் காய்ந்த புல் ஒரு பொறியில் பற்றிக் காட்டுக்குள் போகும்.

வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் காதின் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலுக்கு மிகக் கிட்ட உண்ணியைப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் பூசுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம்.

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காட்டும், சிலருக்கு நாலு கிழமை கூட ஆகும். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள். பரசிற்றமோலைத் தவிர வேறு நோமாத்திரை போட வேண்டாம். வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் அங்குள்ள வைத்தியர் இதை நினைத்தும் பார்க்க மாட்டார். வன்னியில் குளத்தில் இறங்கினேன், இந்தத் திகதியில், காலில் காயம் இருந்தது அல்லது இல்லை என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள்.